மேட்டூரில் 120 அடி, கடைமடையில் எவ்வளவு? வெளிநாட்டுப் பயணக் காப்பீடு முதல்முறை எடுப்பவர்களுக்கு

மன்னார்குடியில் சின்னதாக ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஐப்பசி மாதம் சிட்டா, அடங்கல் கட்டோடு சம்பா பயிருக்கு இன்ஷூரன்ஸ் பதிய வரும் அதே ஆட்கள்தான், சித்திரையில் "பொண்ணுக்குப் பிரசவம், அமெரிக்கா போகணும், ஃபாரம் போட்டுக் கொடு தம்பி" என்றும் வருகிறார்கள். பயிர்க் காப்பீட்டில் அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது 1.5 சதவீதம், வழக்கமான கடைசித் தேதி நவம்பர் 15, இழப்பீடு வருவது நம் வயலைப் பார்த்து இல்லை, கிராமத்துச் சராசரி மகசூலைப் பார்த்து என்பது வரை அத்துப்படி. அவ்வளவு விவரமானவர்கள் பயணக் காப்பீடு என்றதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள்: "எது கம்மி?"

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "எதுல தொகை ஜாஸ்தி?" என்பார்கள். இரண்டுமே தப்பான கேள்வி. மேட்டூரில் 120 அடி நிற்கிறது என்று பேப்பரில் போட்டால் நாம் துள்ளிக் குதிக்கிறோமா? கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகக் கடந்து கடைமடைக்கு எத்தனை அங்குலம் வந்தது என்றுதானே பார்க்கிறோம். பாலிசியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் டாலர் தொகை மேட்டூர் நீர்மட்டம். ஆஸ்பத்திரி பில்லுக்கு வந்து சேர்வது கடைமடைத் தண்ணீர். இடையில் எத்தனை மதகு இருக்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் வேலை. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த நாடு, என்ன விசா

நாட்டைப் பொறுத்துக் கட்டாயம் மாறும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பமே நகராது. குறைந்தது 30,000 யூரோ, 29 ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லுபடியாக வேண்டும், தங்கும் நாள் முழுவதும் இருக்க வேண்டும், உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். லண்டன் இதில் வராது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை.

கனடாவில் பிள்ளைகளோடு நீண்ட நாள் இருக்க சூப்பர் விசா வாங்கும் பெற்றோருக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருடத்துக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததால்தான் பலர் இல்லாமலே போகிறார்கள். உலகத்திலேயே ஆஸ்பத்திரிச் செலவு அதிகமான நாட்டுக்குக் கேட்க ஆளில்லை, அதைவிடக் குறைவான நாட்டுக்குக் கட்டாயம். என்ன செய்ய!

திருச்சியிலிருந்து ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டதால் அங்கே காப்பீடு எதற்கு என்று நினைப்பார்கள். சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரி மானியம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன நமக்கு முழுக் கட்டணம்.

வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துச் சபராளிகளுக்கு, அதாவது கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பவர்களுக்கு, இது நன்றாகத் தெரியும். பத்தாவது தேறாமல், ஈ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேண்டும்) முத்திரையுள்ள பாஸ்போர்ட்டில் வளைகுடா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு தருகிற வேறொன்றை நான் பார்த்ததில்லை. அந்தப் பாலிசியின் நகலை வீட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஏதாவது ஆனால் ஊரில் இருப்பவர்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு "இது அங்கே செல்லாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. செல்லாது. நம் ஊரில் போட்டிருக்கும் சாதாரண மெடிக்ளைமும் பெரும்பாலும் கடல் தாண்டாது. டிக்கெட் எடுக்கும்போது ஒரு டிக் போட்டால் சேர்ந்துவிடும் காப்பீட்டையும் நம்பி இருக்காதீர்கள். அதில் பல வெறும் விமானப் பயணத்துக்கு மட்டுமானவை.

அடுத்தது நாள் கணக்கு

இதில்தான் படித்தவர்களே கோட்டை விடுகிறார்கள். "ஆறு மாசம்" என்று சொல்லி 180 நாள் பாலிசி வாங்குவார்கள். மே 10 கிளம்பி நவம்பர் 9 திரும்பினால் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், 184 நாள். கடைசி நாலு நாள் வெட்டவெளி. அங்கிருந்து நவம்பர் 9 இரவு ஏறினால் இங்கே வந்து இறங்குவது 11-ஆம் தேதி. ஊர் வந்து சேரும் தேதிதான் பாலிசியின் கடைசித் தேதியாக இருக்க வேண்டும்.

நீட்டிக்க வேண்டியிருந்தால் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். நடுவில் ஒரு கிளைம் வாங்கியிருந்தால் பல நிறுவனங்கள் நீட்டிக்க மறுக்கும். அதனால் இரண்டு வாரம் கூடுதலாகப் போட்டு வாங்குங்கள், பெரிய காசு ஆகாது. வருடத்துக்கு நாலைந்து முறை போய்வரும் வியாபாரிகளுக்கு ஆண்டுப் பாலிசி லாபம். ஆனால் அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் 30, 45, 60 நாள் என்று வரம்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வாங்கும் பாலிசியை இங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். போய் இறங்கியபின் காய்ச்சல் வந்ததும் வாங்குவது, வெள்ளம் வந்தபின் வரப்பு கட்டுகிற வேலை.

மதகுகள் எத்தனை

இனி பாலிசியைப் பிரிப்போம். விளம்பரத் தாளைத் தள்ளி வையுங்கள். நிறுவனத்தின் தளத்தில் 'பாலிசி வேர்டிங்' என்று ஒரு நீண்ட பி.டி.எஃப். இருக்கும், அதோடு பலன் அட்டவணை ஒன்று. அந்த அட்டவணையில் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும்.

ஒன்று, டிடக்டிபிள். ஒவ்வொரு கிளைமிலும் முதல் இத்தனை டாலர் நம் கையிலிருந்து என்று போட்டிருக்கும். 100 டாலர் என்றால், 90 டாலர் டாக்டர் பீஸுக்கு ஒன்றும் வராது. அது பரவாயில்லை. சின்னச் செலவை நாம் தாங்கலாம். பெரிய செலவுக்குத்தான் காப்பீடு. டிடக்டிபிள் கொஞ்சம் கூடினால் பிரீமியம் குறையும், அது நல்ல பேரம்தான்.

இரண்டு, சப் லிமிட். பெரிய மதகு இது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பாலிசிகள் பலவற்றில், மொத்தம் 50,000 டாலர் என்று போட்டுவிட்டு உள்ளே அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐ.சி.யு.வுக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு இவ்வளவு என்று அடைத்து வைத்திருப்பார்கள். சிலவற்றில் நோய் வாரியாகவே வரம்பு இருக்கும். அமெரிக்க ஐ.சி.யு. ஒரு நாள் வாடகைக்கு முன்னால் அந்த வரம்புகள் நிற்காது. மொத்தத் தொகையைத் தொடாமலே நம் பங்கு தீர்ந்துபோகும். அதனால் சப் லிமிட் உள்ள 1 லட்சம் டாலர் பாலிசியைவிட, சப் லிமிட் இல்லாத 50,000 டாலர் பாலிசி மேல் என்பது என் கணக்கு. ஏஜென்ட்டிடம், "60 வயசுக்கு மேல சப் லிமிட் உண்டா, இல்லையா? அட்டவணையைக் காட்டுங்க" என்று நேராகக் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்கள் கடையை மாற்றுங்கள்.

மூன்று, எது எது கிடையாது என்ற பட்டியல். குடித்துவிட்டு விழுந்தது, சாகச விளையாட்டு, பிரசவச் செலவு, சிகிச்சைக்கென்றே போன பயணம், ஊருக்குத் திரும்பும்வரை தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன், இதெல்லாம் பொதுவாக எங்கும் கிடையாது. கண் புரையையும் முட்டியையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தஞ்சாவூரில் இல்லாத டாக்டரா!

பிரீமியத்தில் இன்னொரு சூட்சுமம். பெரும்பாலான பாலிசிகள் 'அமெரிக்கா, கனடா உட்பட' என்றும் 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்றும் இரண்டு விலையில் இருக்கும். மலேசியா போகிறவருக்கு முதலாவதை விற்றால் வீண் செலவு. அமெரிக்கா போகிறவர் இரண்டாவதை எடுத்தால் அது வெறும் காகிதம்.

சுகர், பி.பி. இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்

என் சித்தப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். மகனைப் பார்க்க நியூ ஜெர்சி கிளம்பினார். நான்தான் படிவம் நிரப்பினேன்.

"சித்தப்பா, சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

"அத எழுதாதடா. எழுதினா காசு ஜாஸ்தி கேப்பான். மாத்திரையில கட்டுக்குள்ளதான இருக்கு."

அவர் பேச்சைத் தட்ட முடியாமல், நோய் எதுவும் இல்லை என்று நானும் டிக் போட்டேன். அந்த டிக்குக்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். மூன்றாவது மாதம் காலில் ஒரு சின்னக் காயம் சீழ் வைத்து, ஆறு நாள் ஆஸ்பத்திரி. சேர்க்கும்போது அங்கிருந்த டாக்டர் கேட்டார், சித்தப்பா உண்மையைச் சொன்னார். டாக்டரிடம் யார் பொய் சொல்வார்கள்? '12 வருடமாக நீரிழிவு' என்று முதல் பக்கத்திலேயே ஏறிவிட்டது. கிளைம் போட்டதும் காப்பீட்டு நிறுவனம் கேட்டது அந்தப் பக்கத்தைத்தான். ஒரு டாலர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை, கையெழுத்து நம்முடையது.

நோயைச் சொன்னால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பல பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது, உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் நிலைமை சீராகும்வரை ஒரு வரம்புக்குள் தருவோம் என்று இருக்கும். சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்கு அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும். சுகர், பி.பி., இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்தக் கூடுதலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சொல்லிவிட்டு வாங்கினால் நிமோனியாவுக்கோ, வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததற்கோ யாரும் உங்கள் சுகரைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. மறைத்து வாங்கினால் சம்பந்தமில்லாத கிளைமுக்குக்கூட அது முட்டுக்கட்டை ஆகலாம்.

போகும்முன் குடும்ப டாக்டரிடம் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன நோய், எத்தனை வருடம், என்ன மாத்திரை, பயணத்துக்குத் தகுதி உண்டு என்று. மாத்திரையைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் மருந்தின் பெயரில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மாத்திரை முழுவதும் கைப்பையில்.

அமெரிக்கா போகும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை

இங்கே வாங்குவதா, மகள் அங்கிருந்து ஆன்லைனில் வாங்குவதா என்ற கேள்வி தினமும் வருகிறது. அங்கே வாங்கும் 'விசிட்டர் இன்ஷூரன்ஸ்' இரண்டு ரகம். ஒன்று ஃபிக்ஸட். டாக்டரைப் பார்த்தால் இவ்வளவு, அறைக்கு இவ்வளவு என்று கட்டித் தருவார்கள், மிச்சம் நம் தலையில். விலை மலிவு. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ். டிடக்டிபிளைக் கழித்தபின், பெரும்பாலும் முதல் 5,000 டாலர் வரை 80 சதவீதம், அதற்கு மேல் வரம்பு வரை முழுவதும் என்கிற மாதிரி இருக்கும். அங்குள்ள ஆஸ்பத்திரிகளோடு 'நெட்வொர்க்' இருப்பதால் பில்லை நேராக அவர்களே வாங்கிக்கொள்வதும் உண்டு. ஃபிக்ஸட் ரகத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் ஊர் சப் லிமிட்டேதான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

காம்ப்ரிஹென்சிவ் வாங்கினால் 'அக்யூட் ஆன்செட்' என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய நோய் திடீரென்று, முன்னறிகுறி இல்லாமல் முற்றினால் மட்டும் தருவோம் என்பது அதன் பொருள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், வயது கூடக்கூட அந்தத் தொகை சரசரவென்று குறையும். "நாளைக்குப் பாத்துக்கலாம், மாப்பிள்ளைக்கு ஏன் தொந்தரவு" என்று நம் அம்மாக்கள் நெஞ்சு வலியை ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்வார்கள் பாருங்கள், அந்த ராத்திரியில் பாலிசி போய்விடும்.

65 வயதுக்குக் கீழே, நோய் ஒன்றும் இல்லாதவர் என்றால் இங்கே வாங்கினால் போதும், விலை குறைவு, தகராறு வந்தால் சென்னையிலேயே முறையிடலாம். அதற்கு மேல் வயதும் சுகரும் இருந்தால் அங்கே காம்ப்ரிஹென்சிவ். இது என் அபிப்பிராயம்தான். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு ஒத்துப் பாருங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள். 'அர்ஜென்ட் கேர்' என்று சின்ன கிளினிக்குகள் இருக்கின்றன, செலவு அதைவிட மிகக் குறைவு. உண்மையான அவசரம் என்றால் காப்பீட்டைப் பற்றி யோசிக்காமல் ஓடுங்கள். அவசரத்தில் வந்தவரைக் காசைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும். வந்தால் வரிவரியாகப் பிரித்த பில் கேளுங்கள், லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி என்றால் நிதி உதவிப் படிவமும் கேளுங்கள். சித்தப்பா மகன் அப்படித்தான் பாதியைக் குறைத்தான். மீதியைத் தவணையில் கட்டினான்.

பெட்டி, ரத்து, கப்பல்

பெட்டிக் காப்பீட்டுக்காக யாரும் பாலிசி தேட வேண்டாம். செக்-இன் செய்த பெட்டி மொத்தமாகத் தொலைந்தால் ஒரு தொகை, தாமதமானால் மாற்றுத்துணிக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். நகையும் ரொக்கமும் கணக்கில் வராது. மாவடு ஜாடி உடைந்து பட்டுப்புடவை நனைந்தால் அது உங்களுக்கும் சம்பந்திக்கும் உள்ள பிரச்சினை. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்முன், விமான நிறுவனக் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எங்கேயும் ஒன்றும் கிடைக்காது.

பயண ரத்துக்கு வருவோம். நெருங்கிய குடும்பத்தில் ஒருவர் இறந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ டிக்கெட் காசு தருவார்கள். ஆனால் 'குடும்பம்' என்று பாலிசி எழுதியிருப்பது வழக்கமாகக் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர் வரைதான். பெரியப்பா தவறிப்போய், பதினாறாம் நாள் காரியம் முடியாமல் பங்காளி யாரும் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது என்பது நம் நியாயம். அந்தப் பி.டி.எஃப்.பில் பெரியப்பா இல்லை. மனம் மாறினால் கிடையாது, விசா மறுக்கப்பட்டாலும் பெரும்பாலும் டிக்கெட் காசு கிடையாது. ஆனால் விசா மறுத்த கடிதத்தைக் காட்டினால் பிரீமியத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

புயலுக்கும் இதே நியாயம். கஜா 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அது மாதிரி ஒன்று வருகிறது என்று வானொலி சொன்னபின் வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குப் பேசாது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்த சேவை அது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் குமுறினால் நிறுத்திவிடுவார்கள். தாமதத்துக்குத் தருவோம் என்று பாலிசியில் இருப்பது விமானத்துக்கு மட்டுமா, கப்பலுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பல பாலிசிகள் விமானத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

கிளம்பும் முன்னும் போனபின்னும்

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பாலிசியில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் இனிஷியல் குழப்பம் உலகப் பிரசித்தம். 'ஆர்' விரிந்து அப்பா பெயராகி, அது முதலில் வந்து நிற்கும். தவறிருந்தால் கிளம்பும் முன்பே திருத்தச் சொல்லுங்கள், மின்னஞ்சலில்.

பாலிசி எண், வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேண்டிய உதவி எண் இரண்டையும் தாளில் எழுதி ஒன்றைப் பாஸ்போர்ட் உறையில், ஒன்றைப் பிள்ளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் முதல் போன் அந்த எண்ணுக்கு. முடியாவிட்டால் சேர்ந்த ஒரு நாளுக்குள். கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது, வேண்டுமானால் அந்தப் போன்தான் சாவி.

போர்டிங் பாஸ், முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்க நகல், டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில், பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரே ஃபைலில். திருட்டு என்றால் அந்த ஊர்ப் போலீஸ் புகாரின் நகல். அடங்கலைத் தொலைத்துவிட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்த நடை ஞாபகம் இருந்தால் இதை விரிக்கத் தேவையில்லை.

தர மாட்டேன் என்றால்

இந்திய நிறுவனம் என்றால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில். சரிவரவில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலோ, பீமா பரோசா தளத்திலோ பதியலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் நியாயமாக இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரையான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அமெரிக்காவில் வாங்கிய பாலிசிக்கு இந்த வழி எதுவும் கிடையாது, அந்த மாநிலக் காப்பீட்டுத் துறையில் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

சித்தப்பா இந்த வைகாசியில் மறுபடி போகிறார். போன வாரம் கடைக்கு வந்தார். நான் படிவத்தைத் திறப்பதற்குள், "சுகர் 14 வருஷம், எழுதிக்க" என்றார். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பி.பி. ஒண்ணு இருக்கு, அது உங்க சித்திக்கே தெரியாது. அதையும் போடு" என்றார்.